குறட்டைக்கு 12 மார்க்

எங்க பெரியப்பா லாரி டிரைவர். வீட்டில் இருக்கும் நாட்களில் அவர் விடும் குறட்டை தெருமுனை வரை கேட்கும். எல்லோருக்கும் அது சிரிப்புதான், பெரியம்மாவைத் தவிர. "நடுவுல மூச்சே நின்னு போவுதுலே, நான் உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கேன்" என்பார். போன மாதம் தூத்துக்குடியிலிருந்து வரும்போது வல்லநாடு ஆத்துப் பாலத்துக்கு முன்னால் கண் அசந்துவிட்டதாக பெரியப்பாவே ஒத்துக்கொண்ட பிறகுதான் பாளையங்கோட்டையில் டாக்டரைப் பார்த்தோம். ராத்திரி வீட்டிலேயே மாட்டிக்கொள்ள ஒரு சின்னப் பெட்டி கொடுத்தார்கள். மூக்கில் குழாய், நெஞ்சில் பெல்ட், விரலில் கொரோனா சமயத்தில் எல்லோரும் மாட்டிக்கொண்ட அதே கிளிப்.

ரிப்போர்ட்டில் "ஏ.ஹெச்.ஐ. 12, மைல்ட்" என்று இருந்தது. பெரியப்பா மார்க் ஷீட் மாதிரி அதைத் தூக்கிக் காட்டினார். "பாத்தியாலே, லேசாத்தான் இருக்காம்." அடுத்த வாரமே வண்டி எடுக்கத் தயார்.

எனக்குக் கோபமே இங்கேதான். அந்த 12 என்பது என்ன? மூச்சு 10 நொடியாவது நின்றதோ, நன்றாகக் குறைந்ததோ, அது மணிக்கு சராசரியாக எத்தனை தடவை என்பதுதான். 5-க்குக் கீழே பிரச்சினை இல்லை, 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. ஆக இது வெறும் வகுத்தல் கணக்கு. வகுத்தலில் கீழே போடும் எண் தப்பானால் விடையும் தப்பு!

ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துச் செய்தால் தலையில் ஒயர் ஒட்டி மூளை அலையைப் பார்ப்பார்கள், தூங்கிய நேரம் தெரியும். வீட்டுப் பெட்டிகள் பலவற்றுக்கு அது தெரியாது. பதிவான நேரத்தால் வகுத்துவிடும். பெரியப்பா பெட்டியை ஆன் செய்தது 10 மணிக்கு, கழற்றியது 5 மணிக்கு. 7 மணி நேரம், மொத்தம் 84 தடவை. ஆனால் குழாய் உறுத்துகிறது என்று 1 மணி வரை புரண்டுகொண்டிருந்தார் என்கிறார் பெரியம்மா. 84-ஐ 4-ஆல் வகுத்துப் பாருங்கள். 21! அது லேசு இல்லை.

இன்னொன்று. மூச்சு "குறைந்தது" என்று எண்ண, ரத்தத்தில் ஆக்ஸிஜன் 3% இறங்கினால் போதும் என்பது ஒரு விதி, 4% இறங்க வேண்டும் என்பது இன்னொரு விதி. அதே ஆள், அதே ராத்திரி, இரண்டு எண். எந்த விதி என்று ரிப்போர்ட்டில் தேடிப் பார்க்க வேண்டும். விரல் கிளிப்பும் சத்தியவான் இல்லை. கறுப்பினத்தவர்களிடம் அது உண்மையைவிடக் கூட்டிக் காட்டுவது வெள்ளையர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று 2020-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. அது தூக்கப் பரிசோதனை பற்றியது அல்ல, ஆனாலும் நம்ம ஊர் வெயிலில் கறுத்த விரல்களை நினைத்துக்கொண்டேன்.

வீட்டுப் பரிசோதனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. மும்பையில் 2004-ல் வெளியான ஆய்வில் நடுத்தர வயது ஆண்களில் 7.5% பேருக்கு இந்த நோய் இருந்தது. அத்தனை பேருக்கும் ஆஸ்பத்திரிக் கட்டில் எங்கே போவது? பெட்டி "இருக்கிறது" என்றால் பெரும்பாலும் நம்பலாம். "இல்லை", "லேசு" என்று சொல்லி, ஆள் பகலில் சாமியாடினால்தான் சந்தேகப்பட வேண்டும். அதிலும் ஸ்டியரிங் பிடிக்கிறவருக்கு "மைல்ட்" என்ற ஒற்றை வார்த்தையை எழுதிக் கொடுத்து அனுப்புவது சரியில்லை.

மறுபடி போனோம். டாக்டர் இரண்டாம் பக்கத்தைத் திருப்பி, "எத்தன மணிக்குத் தூங்குனீங்க?" என்றார். பெரியப்பா வாயைத் திறக்கும் முன் பெரியம்மா, "ஒரு மணிக்கு சார்" என்றார். வரும் வியாழக்கிழமை ராத்திரி ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். அதுவரை வண்டி ஷெட்டில்தான். பெரியப்பா என்னோடு பேசுவதில்லை :)