செக்ரோலில் பெயர் ஏறட்டும்!

தோட்டத் தோழர்களே!

தீபாவளி வந்தால் அகதிக் குடும்பங்களுக்கு அரிசி, எண்ணெய், பிள்ளைகளுக்குச் சட்டை என்று கொடுக்கிறோம். கோயில் அன்னதானத்தில் அவர்களுக்கும் இலை போடுகிறோம். நல்ல காரியம். பசித்தவனுக்குச் சோறு போடுவதைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் ஐந்து கிலோ அரிசி ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாளைக்கு வரும்? அரிசி தீர்ந்த மறுநாள் அவன் என்ன செய்வான்? அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம்.

மறுநாள் அவன் குத்தகைக்காரனின் லாரியில் ஏறுகிறான். எங்கே போகிறோம், என்ன கூலி என்று கேட்பதில்லை. கேட்டால் அடுத்த நாள் லாரி நிற்காது.

கிராணி வேலை பார்க்கும் நாம் இதைத் தினமும் காண்கிறோம். விடியுமுன் பெரட்டில் பெயர் கூப்பிட்டுச் செக்ரோலில் குறிக்கிறோம். குத்தகைக்காரனின் ஆட்களுக்கு அந்தக் குறி கிடையாது. அவர்களுக்காக நாம் எழுதுவது ஒரே ஒரு வரி: இத்தனை ஏக்கர், இத்தனை வெள்ளி. அந்த வரிக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள், ஒவ்வொருவர் கைக்கும் என்ன போய்ச் சேர்ந்தது என்பது எந்த ஏட்டிலும் இல்லை.

ஜாசின் வட்டாரத்தில் ஒரு தோட்டம். குத்தகைக்காரன் இரண்டு மாதக் கூலியைக் கொடாமல் மறைந்துவிட்டான். ஐந்து பேர் ஆபீசு வாசலில் வந்து நின்றார்கள். ஐக்கிய நாட்டு அகதி அட்டையை எடுத்துக் காட்டினார்கள். நாம் ஏட்டைப் புரட்டிப் பார்த்தோம். பெயர் இல்லை. பெயர் இல்லாதவனுக்குக் கணக்கில்லை. கணக்கில்லாதவனுக்குக் கூலியும் இல்லை. புகார் கொடுக்கப் போனால் முதலில் பிடிபடுவது அவர்களேயன்றோ? பேசாமல் திரும்பிப் போனார்கள். நாமும் பேசாமல்தான் உட்கார்ந்திருந்தோம். அந்த வெட்கம் இன்னும் தீரவில்லை.

ஆகவே நாம் சொல்ல வருவது இதுதான். அகதி தன் காலில் நிற்க வேண்டுமானால் அவனுக்குச் சட்டப்படியான வேலை வேண்டும். அந்த வேலைக்குச் சாட்சியாகச் செக்ரோலில் அவன் பெயர் வேண்டும். வேலை போன அன்றே பறிபோகாத ஒரு வீடும் வேண்டும். இவற்றைக் கேட்டு வாங்கித் தருவது தொழிற்சங்கத்தின் கடமை.

இந்தப் பாடத்தை நாம் வெளியே போய்ப் படிக்க வேண்டியதில்லை. நாமே பட்டறிந்தவர்கள். 1950-ஆம் ஆண்டுகளில் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. உங்கு அஜிஸ் இதை ஆராய்ந்து 1962-இல் நூலாகவே வெளியிட்டார். தலைமுறை தலைமுறையாக லயத்தில் வாழ்ந்தவர்கள் வேலையோடு வீட்டையும் இழந்தார்கள். அப்போது துன் வீ. தி. சம்பந்தன் அரிசி வண்டியோடு வரவில்லை. 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டந்தோறும் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்கு சேர்த்தார். 1961-இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை அந்தச் சங்கம் வாங்கியது. பால்வெட்டியவன் தோட்டத்தின் பங்காளியானான்.

இன்னொன்றையும் மறந்துவிடலாகாது. 1969 மே கலவரத்துக்குப் பின், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் கடுமையாக அமலுக்கு வந்தது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த நம்மவர் ஏறத்தாழ 60 ஆயிரம் பேர் கப்பலேறி இந்தியாவுக்குப் போனார்கள். நேற்று வெட்டிய மரம்தான், அதே மங்குதான், அதே கைதான். அட்டையின் நிறம் ஒன்றே அவர்களை அந்நியராக்கியது. நம்மில் எத்தனை பேர் வீட்டில் அப்படிப் போன சித்தப்பாவின், மாமாவின் கதை இருக்கிறது!

நம்மைப் போலவே தோட்டத்தில் பிறந்து, நம்மைவிடப் பெரிய இடியைத் தாங்கியவர்கள் இலங்கை மலையகத் தமிழர்கள். 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 9 லட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று கணக்குப் பிரித்தார்கள். மீதி ஒன்றரை லட்சத்தை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். ஆடுமாடு பிரிப்பது போல மனிதரைப் பிரித்த அந்தக் கணக்கில், யாரும் தொழிலாளியைக் கேட்கவில்லை.

தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர்களுக்கு இந்திய அரசு இரண்டு விதமாக மறுவாழ்வு தந்தது. பல ஆயிரம் குடும்பங்களுக்குக் கிடைத்தது வியாபாரக் கடன். பிறந்தது முதல் கொழுந்து பறித்தே பழகியவன், பழக்கமில்லாத ஊரில் கடை வைத்து என்ன செய்வான்? கடன் பணம் கரைந்தது. பலர் மறுபடியும் மலையைத் தேடிப் போய், நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அன்றாடக் கூலிகளானார்கள். சிலர் கொத்தடிமைகளாகவும் சிக்கினார்கள்.

மற்றொரு வழி, தெரிந்த தொழிலைத் தருவது. தமிழ்நாடு அரசு 1968-இல் இவர்களுக்காகவே நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. 1976-இல் அது தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. அதே ஆண்டில் கேரளத்தின் புனலூரில் மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து மறுவாழ்வுத் தோட்டக் கம்பெனியை அமைத்தன. அது ரப்பர்த் தோட்டம், தோழர்களே! கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் பகுதிகளிலும் இவர்களுக்காக ரப்பர் நடப்பட்டது. கொழுந்து பறித்த கைகள் நம்மைப் போல் பால்வெட்டக் கற்றுக்கொண்டன. பெயர் ஏட்டில் ஏறியது. சம்பளம் மாதந்தோறும் வந்தது. சங்கம் வைத்துக் கூலி உயர்வும் கேட்டார்கள். அகதியாக வந்தவன் கேள்வி கேட்கும் தொழிலாளியானான்.

அங்கும் ஒரு குறை இருந்தது. வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. 2022-இல் நீலகிரித் தேயிலைக் கழகத்தின் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பித் தர அரசு முடிவு செய்தபோது, ஓய்வு பெற்றவர்களும் அவர்கள் பிள்ளைகளும் மறுபடியும் எங்கே போவது என்று கலங்கினார்கள். வேலை தந்த கை வீட்டைத் தரவில்லை. லயத்தில் வாழ்ந்த நமக்கு இந்தக் கலக்கத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். 2024 இறுதியில் மலேசியாவில் ஐக்கிய நாட்டு அகதிகள் ஆணையத்தில் பதிந்தவர்கள் ஏறத்தாழ 1 லட்சத்து 90 ஆயிரம் பேர். பெரும்பாலோர் பர்மாவிலிருந்து வந்தவர்கள். ரோகிங்கியா மக்களே லட்சத்துக்கு மேல். இலங்கைத் தமிழரும் உண்டு. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. வேலை செய்யும் பொது உரிமை அவர்களுக்குத் தரப்படாமலே ஆண்டுகள் ஓடிவிட்டன.

வழியே இல்லையா? உண்டு. தெற்குப் பிலிப்பைன்சிலிருந்து சபாவுக்கு ஓடிவந்தவர்களுக்கும், 2005-இல் ஆச்சே மக்களுக்கும் தங்கி வேலை செய்யத் தனிப் பாஸ் கொடுத்தது இதே மலேசியாதான். 2017-இல் 300 ரோகிங்கியா மக்களைத் தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் அமர்த்த ஒரு முயற்சி தொடங்கியது. அது வேரூன்றவில்லை. பட்டணத்தில் குடும்பத்தோடு இருப்பவனை ஒற்றை ஆளாகக் காட்டுக்குக் கூப்பிட்டால் எப்படி நிலைப்பான்? பெண்டாட்டி பிள்ளைகளுக்கு வீடும், பிள்ளைக்குப் படிப்பும் சேர்ந்து வந்தாலன்றோ குடும்பம் வேர்விடும்?

"இவர்கள் வந்தால் நம் கூலி இறங்கிவிடுமே" என்று பெரட்டில் சிலர் கேட்கிறார்கள். நியாயமான பயம். ஆனால் இவர்கள் ஏற்கெனவே வந்துவிட்டார்கள், தோழர்களே! செக்ரோலுக்கு வெளியே நின்று வேலை செய்கிறார்கள். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஏட்டில் பெயருள்ளவனுக்கு அதற்குக் கீழே கொடுத்தால் நாம் வழக்காடலாம். பெயரில்லாதவனுக்குப் பாதி கொடுத்தாலும் கேட்பார் யார்? நம் கூலியைக் கீழே இழுப்பது அந்தப் பாதிதான். அவனையும் ஏட்டுக்குள் கொண்டுவந்தால் நம் கூலிக்கும் அது காவல்.

"நம் கிழவர்களுக்கே வீடில்லையே" என்றும் கேட்கிறார்கள். உண்மை. செம்பனைக்கும் வீடமைப்புக்கும் ரப்பர்க் காடுகள் போனபோது நம்மவர் பலர் நடுத்தெருவுக்கு வந்தார்கள். அந்தப் போராட்டத்தை நாம் ஒருநாளும் கைவிடோம். ஆனால் வேலை முடிந்ததும் வீட்டைப் பிடுங்காதே என்ற கோரிக்கை நம் கிழவனுக்கும் அகதிக்கும் ஒன்றே. இருவரும் சேர்ந்து கேட்டால் குரல் பெரிதாகுமே தவிரச் சிறுக்காது.

"வந்தவர்கள் போகவே மாட்டார்கள்" என்பது மூன்றாவது பேச்சு. பீடோங் தீவுக்கு வந்த வியட்நாமியர் பிற நாடுகளுக்குப் போனார்கள். 1991-இல் அந்த முகாம் மூடப்பட்டது. இவர்களிலும் போகிறவர்கள் போவார்கள். ஆனால் காத்திருக்கும் ஆண்டுகளிலும் வயிறு காத்திருக்காது. தொழில் கற்றவன் போனாலும் தொழிலோடு போவான். இருந்தாலும் உழைத்து வரி கட்டி இருப்பான்.

இனிச் செய்ய வேண்டியதென்ன? குத்தகைக்காரனின் ஆளானாலும், தோட்டத்தில் கால் வைக்கும் ஒவ்வொரு தொழிலாளியின் பெயரும் கூலியும் தோட்ட ஏட்டில் இருக்க வேண்டும் என்று சங்கம் நிர்வாகங்களிடம் கேட்கட்டும். அகதிக்குக் குடும்பத்தோடு தங்கி வேலை செய்யும் பாஸ் வேண்டும் என்று அரசாங்கத்திடம் கேட்கட்டும். 2019 முதல் சொக்சோ வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் உண்டு; அது இவர்களுக்கும் வரட்டும்.

மேலிடத்தை எதிர்பாராமல் நாம் செய்யக்கூடியதும் உண்டு. மரத்தில் காயம் படாமல் பட்டையை மெல்லச் சீவும் வித்தையை நம் மூத்த பால்வெட்டிகள் சொல்லிக் கொடுக்கட்டும். சம்பளச் சீட்டைப் படிக்கவும், மலாய் பேசவும் எழுதவும் கிராணிமார் வாரம் ஒரு மாலை கற்றுக் கொடுப்போம். அவர்கள் பிள்ளைகளை நம் ஞாயிறு வகுப்புகளில் நம் பிள்ளைகளோடு உட்கார வைப்போம். ஆளுக்குப் பத்து வெள்ளியாகச் சேமிக்கும் பழக்கத்தை அவர்களிடையே தொடங்கி வைப்போம். நம் பாட்டன்மாரைக் காப்பாற்றியது அந்தப் பத்து வெள்ளியன்றோ?

வரும் கிளைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வருவோம். தீபாவளி அரிசியையும் நிறுத்த வேண்டாம். ஆனால் அடுத்த முறை ஐந்து பேர் ஆபீசு வாசலில் வந்து நின்றால், ஏட்டைப் புரட்டும்போது அவர்கள் பெயர் அதில் இருக்க வேண்டும்.