ஒரு மேஜை கிடைக்குமா?



போன கோடை விடுமுறைக்கு என் பெரியம்மா மகன் இங்கிலாந்திலிருந்து வந்திருந்தார். நாட்டிங்காம் நகரத்தில் படிக்கிறார். ஒரு சின்ன டப்பாவைத் திறந்து, பஞ்சுக்குள்ளிருந்து ஒரு போர்வீரன் பொம்மையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். உயரம் சுமார் 28 மில்லிமீட்டர்தான். ஆனால் மீசை, இடுப்புவார், வாள்பிடி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வண்ணம்! "நானே பெயிண்ட் அடிச்சதுடா, கீழே போட்டுடாதே" என்றார்.

"இதை வெச்சு என்னண்ணா பண்ணுவீங்க?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில்தான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது.

இரண்டு பேர் ஆளுக்கொரு பொம்மைப் படையை மேஜைமேல் நிறுத்தி ஆடும் போர் விளையாட்டு இது. சதுரங்கம் மாதிரி கட்டம் கிடையாது. இஞ்ச் டேப்பால் அளந்துதான் வீரர்களை நகர்த்த வேண்டும். அடி பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். பெரிய ஆட்டத்துக்கு 6 அடி நீளம், 4 அடி அகலத்தில் மேஜை வேண்டும். குன்று, மரம், இடிந்த கோட்டை எல்லாம் அதன்மேல் இருக்கும். ஆடி முடிக்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகுமாம்.

இது நேற்று வந்த விளையாட்டு இல்லை. 1824-ல் பிரஷ்ய நாட்டு ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ், அதிகாரிகளின் பயிற்சிக்காக இப்படி ஒரு போர் விளையாட்டை உருவாக்கினார். எச்.ஜி. வெல்ஸ் என்ற புகழ்பெற்ற எழுத்தாளர், பொம்மை வீரர்களை வைத்து ஆடும் விதிகளை 1913-ல் புத்தகமாகவே எழுதினார். அவர் எங்கே ஆடினார் தெரியுமா? வீட்டுத் தரையில்! பெரிய வீடு இருந்தது, ஆடினார். சின்ன அறையில் குடியிருப்பவன் எங்கே போவான்?

இங்கேதான் கடைக்காரர் வருகிறார். பொம்மை, பெயிண்ட், பிரஷ் விற்கும் கடைகளில் பல, முன்பக்கம் வியாபாரத்தையும் பின்பக்கம் விளையாட்டு மேஜைகளையும் வைத்திருக்கின்றன. 1975-ல் லண்டனில் தொடங்கிய 'கேம்ஸ் ஒர்க்‌ஷாப்' நிறுவனம் 1983-ல் 'வார்ஹேமர்' என்ற விளையாட்டை வெளியிட்டது. அதன் தலைமையகம் இப்போது நாட்டிங்காமில்தான். அங்கே ஆடுவதற்கென்றே ஒரு பெரிய கூடம் இருக்கிறது. சின்னக் கடைகளும் தங்களால் முடிந்த அளவுக்கு இரண்டு மூன்று மேஜை போடுகின்றன.

"அந்த இடத்துல இன்னும் நாலு அலமாரி வெச்சா கூட விக்கலாமே?" என்று கேட்டேன். அண்ணன் சிரித்தார். "ஆட ஆள் இல்லாதவன் பொம்மை வாங்குவானாடா?" என்றார்.

அவரே ஊருக்குப் புதிதாகப் போனபோது யாரையும் தெரியாது. ஒரு நாள் மாலை கடைக்குள் போய்ச் சும்மா வேடிக்கை பார்த்தபடி நின்றாராம். நரைத்த தலை பெரியவர் ஒருவர், "ஆடுறியா?" என்று கேட்டுத் தன் படையிலேயே பாதியைக் கொடுத்தாராம். அன்று தோற்றுப்போனார். ஆனால் அடுத்த வாரமும் போனார். இப்போது அவருடைய நண்பர்களில் பாதிப் பேர் அந்த மேஜையில் கிடைத்தவர்கள்.

இது வியாபாரத் தந்திரம்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், வியாபாரம்தான். சில கடைகளில் மேஜைக்குக் கட்டணம் உண்டு. சில கடைகளில் இலவசம், ஆனால் "எங்க கடையிலயே வாங்குங்க" என்ற எதிர்பார்ப்பு உண்டு. பொம்மைகளின் விலையும் அதிகம். காசில்லாத பையன் எவ்வளவு நாள் வேடிக்கை பார்ப்பான்? எனவே கடைகளை மட்டும் நம்பியிருக்கக் கூடாது, பொது இடங்களும் மேஜை தர வேண்டும் என்பது என் கருத்து.

நம் சென்னையிலேயே ஒரு சாட்சி உண்டு. சோவியத் கலாச்சார மையத்தில் இயங்கிய டால் செஸ் கிளப்பில்தான் விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாகப் போய்ப் பெரியவர்களோடு வேக ஆட்டம் ஆடிப் பழகினார். 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். திறமை அவருடையது. ஆனால் ஆட இடமும் ஆளும் கொடுத்தது அந்த கிளப்.

இனி நம் பள்ளிக்கு வருகிறேன். பி.டி. அறை பீரோ மேல் இரண்டு கேரம் போர்டும் நான்கு செஸ் செட்டும் தூசி படிந்து கிடக்கின்றன. எங்கள் வகுப்பில் இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த ஒரு மாணவன், மதிய இடைவேளையில் நோட்டில் செஸ் கட்டம் வரைந்து தனக்குத்தானே ஆடுகிறான். மூன்று மாதமாகப் பார்க்கிறேன். நானும் போய்ப் பேசவில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மேஜை போட்டால் கூச்சல் வரும், பொருள் தொலையும் என்று ஆசிரியர்கள் கவலைப்படலாம். நியாயம்தான். ஆனால் அந்தக் கடைகளில் ஒழுங்கு இருக்கிறது. கேட்காமல் அடுத்தவர் பொம்மையைத் தொடக்கூடாது. ஆட்டம் முடிந்ததும் எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். அதே விதிகளை நாமும் எழுதி ஒட்டலாம். காய்களை எண்ணி வாங்கி, எண்ணித் திருப்பித் தரும் பொறுப்பை நானே ஏற்கிறேன்.

தலைமையாசிரியர் ஐயா அவர்களுக்கு என் பணிவான வேண்டுகோள்: மதிய இடைவேளையில் அரை மணி நேரம், நூலகத்தின் பின்பக்க மேஜையை எங்களுக்குத் தாருங்கள். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், பீரோ மேல் இருப்பதே போதும்.

நண்பர்களே, அனுமதி வரும்வரை நாமும் சும்மா இருக்க வேண்டாம். நாளை மதியம் நான் அந்த மாணவனின் பெஞ்சில் போய் உட்காரப் போகிறேன். எனக்குச் செஸ் சரியாக வராது. தோற்றாலும் பரவாயில்லை!

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்