வீட்டிலேயே தோட்டா நிரப்பலாமா?

எதிர் வீட்டுப் பையன் சிப்காட்டில் வேலை பார்க்கிறான். கம்பெனி அனுப்பி மூன்று வருஷம் டெக்சாஸில் இருந்துவிட்டு வந்தவன். அவனுடைய அப்பா வைத்திருந்த பன்னிரண்டு போர் துப்பாக்கியின் உரிமம் இப்போது அவன் பெயரில். போன ஞாயிற்றுக்கிழமை காபி குடித்துக்கொண்டே கேட்டான்: "தாத்தா, அங்கெல்லாம் கார் ஷெட்டிலேயே காலித் தோட்டாவை மறுபடி நிரப்பிக்கிறாங்க. ஒரு சின்ன பிரஸ், ஒரு தராசு இருந்தா போதும். இங்கே எப்படி ஆரம்பிக்கிறது? நீங்க ஆயுத உரிமக் கோப்பு பார்த்தவராச்சே."

பார்த்தவன்தான். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். சில வருஷம் அந்த இருக்கையில் உட்கார்ந்தேன். அவனுக்குச் சொன்ன பதிலை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் சட்டம். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் கிடைக்கும் உரிமம், துப்பாக்கியும் தோட்டாவும் வைத்துக்கொள்ள மட்டும்தான். செய்வது, விற்பது எல்லாம் 5-ஆம் பிரிவு. அது வேறு உரிமம், நம் போன்றவர்கள் வீட்டுக்கு அது வராது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமமில்லாமல் தோட்டா செய்தால் குறைந்தது ஏழு வருஷம், அதிகபட்சம் ஆயுள். உரிமப் புத்தகத்தில் ஒரு நேரத்தில் எத்தனை தோட்டா, வருஷத்துக்கு எத்தனை என்று எழுதியிருக்கும். கடைக்காரர் அதில் பதிந்துதான் கொடுப்பார். கூடுதலாக ஒரு தோட்டா இருந்தாலும் கணக்குச் சொல்ல வேண்டும். "கிர்க்கீ தொழிற்சாலை சக்திமான் தோட்டா கிடைக்கிற வரைக்கும் வாங்கிக்கோ. இல்லேன்னா சும்மா இரு" என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது.

ஆனால் சட்டத்தைக் காட்டி வாயை அடைப்பது குமாஸ்தா புத்தி. எனக்கு வேறு காரணமும் இருக்கிறது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். என் பெரியப்பா இந்தோசீனாவில் இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்த சொல்தா. பதினாறு போர் இரட்டைக் குழல் வைத்திருந்தார். குளிர்காலத்தில் ஊசுட்டேரிக்கு உள்ளான் சுடப் போவார். (இன்றைக்கு அது பறவைகள் சரணாலயம், நல்லது.) சனிக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அட்டைத் தோட்டாக்களை மேஜையில் வரிசையாக நிறுத்தி நிரப்புவார். மேஜை ஓரத்தில் திருகி மாட்டிய ஒரு சின்ன இயந்திரம், கைப்பிடியைச் சுற்றினால் தோட்டாவின் வாய் மடிந்து மூடிக்கொள்ளும். அந்த ஒரு மணி நேரம் வீட்டில் சுருட்டு கிடையாது, பேச்சு கிடையாது. எனக்கு மட்டும் எதிரே உட்கார்ந்து பார்க்க அனுமதி.

ஒருநாள் நடுவில் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். எழுந்து போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தார். மேஜையைப் பார்த்தபடி நின்றார். எந்தத் தோட்டாவில் மருந்து போட்டோம், எதில் போடவில்லை என்பது அவருக்கு நினைவில்லை. நான் "அந்த மூணாவது வரைக்கும் போட்டீங்க பெரியப்பா" என்றேன். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூடி முடித்தவை உட்பட எல்லாவற்றையும் திறந்து கொட்டிவிட்டு விளக்கை அணைத்துவிட்டார். மறுநாள் வேட்டை இல்லை.

இரட்டை மருந்து விழுந்தால் குழாய் வெடிக்கும். மருந்து குறைந்தால் குண்டு குழாய்க்குள்ளேயே நின்றுவிடும், அடுத்த தோட்டா அதன்மேல் மோதும். பழைய கரிமருந்துக்கென்று செய்த குழாயில் புகையில்லா மருந்தைப் போட்டாலும் அதே கதிதான். 1884-இல் போல் வியேய் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த புகையில்லா மருந்து, கரிமருந்தைவிட அதிகச் சக்தி கொண்டது. எங்கள் வேதியியல் ஆசிரியர் லவாய்சியே பற்றி நடத்தும்போது, அவர் அரசின் வெடிமருந்து நிர்வாகத்தில் இருந்ததைச் சொல்வார். 1788-இல் எஸோன் ஆலையில் புது மருந்தைச் சோதித்தபோது வெடித்து இரண்டு பேர் செத்தார்கள். லவாய்சியேயும் அவர் மனைவியும் கொஞ்சம் தள்ளி இருந்ததால் பிழைத்தார்கள். அவருக்கே அப்படி. யூடியூப் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு?

ஆனால் பையனுக்குத் தெரியாத ஒன்று உண்டு. நம் மாவட்டத்தில் வீட்டில் மருந்து கெட்டிப்பது புதுசு அல்ல. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, தளி பக்கத்து மலைக் கிராமங்களில் நாட்டுத் துப்பாக்கி தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. குழாய் வாய் வழியாக மருந்து, துணி, ரவை என்று போட்டுக் கம்பியால் இடித்து, கேப்பு வைத்துச் சுடுவது. ரவை இல்லாவிட்டால் சைக்கிள் பால்ரஸ். அவர்களுக்கு இது பொழுதுபோக்கு இல்லை. ராகி கதிர் முற்றும் நேரம் பன்றி ஒரே ராத்திரியில் காட்டை உழுதுவிட்டுப் போகும். கர்நாடகத்துப் பக்கமிருந்து யானைக் கூட்டம் வந்தால் அந்த வருஷம் அவ்வளவுதான்.

நான் அந்த இருக்கையில் இருந்தபோது ஒரு பெரியவர் பயிர்க் காவலுக்கு உரிமம் கேட்டு மனு கொடுத்தார். கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். சிட்டா நகல் பழையது என்று திருப்பி அனுப்பினேன். புது நகலோடு வந்தார். போலீஸ் அறிக்கை வரவில்லை. பிறகு வனத்துறைக் கருத்து வரவில்லை. ஒவ்வொரு தடவையும் "அடுத்த வாரம் வாங்க ஐயா" என்றேன். அறுவடை முடிந்து மாசிவாக்கில் வந்தார். வலது கையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் இல்லை. யாரிடமோ வாங்கிய குழாயில் தானே மருந்து இடித்திருக்கிறார். "கோப்பை மூடிடுங்க சார், இனிமே எனக்கு வேண்டாம்" என்று இடது கையால் ரேகை வைத்துவிட்டுப் போனார். கோப்பில் எல்லாத் தாளும் முறைப்படி இருந்தது. ஒரு தணிக்கையிலும் அதில் குறை சொல்ல முடியாது.

அதனால்தான், உரிமமில்லாத துப்பாக்கியை ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று போலீஸ் தண்டோரா போடும்போதெல்லாம் எனக்குப் பாதி சந்தோஷம்தான். ஒப்படைக்கட்டும், அவசியம் ஒப்படைக்கட்டும். பன்றி என்று நினைத்து மனுஷனைச் சுட்ட கதைகள் போதும். அவுட்டுக்காய் கடித்து வாய் கிழிந்து பட்டினியில் செத்த யானைகளும் போதும். ஆனால் துப்பாக்கியைக் கொடுத்தவனுக்கு அன்றைக்கு ராத்திரி யார் காவல்?

2025 ஜனவரியில் அரசு சொன்ன ஏற்பாடு இது: காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையே சுடலாம். ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம். ஒரு கிலோமீட்டருக்குள் இரண்டும் இல்லை. காட்டை ஒட்டி நிலம் வைத்திருக்கிறவன் எந்த வரிசையில் வருகிறான் என்று பாருங்கள். காட்டுக்கு அது சரியான விதியாக இருக்கலாம். அப்படியானால் அந்த முதல் கிலோமீட்டரில் இருக்கிறவனுக்கு அகழியும் சூரிய மின்வேலியும் முதலில் போக வேண்டும். இழப்பீடு அடுத்த விதைப்புக்கு முன்னால் கைக்கு வர வேண்டும், "அடுத்த வாரம் வாங்க" என்று அலையவிடாமல்.

பையன் கடைசியில் ரைபிள் கிளப்பில் சேருகிறேன் என்று சொல்லிவிட்டான். கிளம்பும்போது, "அந்தத் தோட்டா வாய் மூடுற மிஷின் இன்னும் இருக்கா தாத்தா, சும்மா பார்க்கத்தான்" என்று கேட்டான். பழைய இரும்புக்குப் போட்டாயிற்று என்றேன். பரணில்தான் இருக்கிறது.