அரிசி வண்டுக்குக் குளிசை வைக்கிறவர்களுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் அரிசி மூடை வைத்திருக்கிற எல்லாரும் பொறுமையாக வாசிங்க. நேரமில்லாதவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அரிசிக்குள் வண்டு வந்துவிட்டதென்று, உதிரியாக விற்கிற அந்தச் சாம்பல் நிறக் குளிசையை வாங்கி வந்து வீட்டுக்குள் வைக்காதீங்க. நெல்லுக்கும் அரிசிக்கும் வைக்கிற குளிசை என்று நம்மட ஆக்கள் சொல்லுவதைத்தான் சொல்கிறேன். கீழே வருவதெல்லாம் ஏன், அப்படியென்றால் என்ன செய்வது என்ற விளக்கம்.

போன கிழமை ஏழாம் தரப் பிள்ளைகளுக்குப் பூச்சிகள் பற்றிப் படிப்பித்தேன். புத்தகத்துப் படத்தை விட உயிரோடு பார்த்தால் மனதில் நிற்கும் என்று, "நாளைக்கு வரக்குள்ள உங்கட ஊட்டு அரிசிக்க இரிக்கிற வண்ட ஒரு சின்னப் போத்தல்ல போட்டுக் கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டேன். அடுத்த நாள் மேசை நிறையப் போத்தல். ஓரிரண்டு பேரைத் தவிர எல்லாரும் கொண்டு வந்திருந்தார்கள். பெருநாள் முடிந்து இரண்டு மாதம், ஊரில் எந்த வீட்டிலும் வண்டுக்குக் குறைவில்லை. வெளியே சொல்ல எல்லாருக்கும் வெட்கம், அவ்வளவுதான்.

வெறுங்கையோடு வந்த ஒரு பொடியனிடம் கேட்டேன். பெருமையாகச் சொன்னான்: "எங்கட ஊட்டுல வண்டே இல்ல சேர். வாப்பா குளிச வெச்சிரிக்காரு."

"எங்க வெச்சிரிக்காரு?"

"அரிசி மூடைக்க. நாங்க படுக்கிற அறைக்க."

அன்று பாடம் அதோடு நின்றுவிட்டது. அதிபரிடம் சொல்லிவிட்டு அவனையும் கூட்டிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போனேன். இரண்டு அறை வீடு. மூன்று உரபேக் அரிசி கட்டிலோடு ஒட்டி அடுக்கியிருந்தது. ஒவ்வொரு மூடைக்குள்ளும் துணியில் முடிந்த இரண்டு குளிசை. வைத்து இரண்டு இரவு. சின்னப்பிள்ளை முதல் நாள் இரவு முழுக்கச் சத்தி எடுத்திருக்கிறது. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள்.

எல்லாரையும் உடனே வெளியே வரச் சொல்லி, கதவையும் ஜன்னலையும் திறந்துவிட்டுப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள், அல்ஹம்துலில்லாஹ். குளிசையால்தான் சத்தி வந்தது என்று டாக்டர் எழுதித் தரவில்லை, அதனால் நானும் அப்படி அடித்துச் சொல்லவில்லை. ஆனால் இன்னும் இரண்டு இரவு அந்த அறைக்குள் படுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே எனக்கு முடியவில்லை.

வாப்பாவை ஏசப் போனவன் ஏசாமல் வந்தேன். அந்த மனிதர் கூலி வேலை செய்கிறவர். "நூறு கிலோவுக்கு மேல அரிசி சேர். வண்டு புடிச்சிட்டென்டு எறிய மனசு வருமா? கடைக்காரர்தான் இத வைங்க, ஒண்டும் செய்யாது என்டாரு" என்றார். இதில் எங்கே குற்றம் சொல்வது? குளிசைகளை ஒரு கடுதாசித் துண்டில் சுற்றிக் கொடுத்திருக்கிறார்கள். லேபல் இல்லை, எச்சரிக்கை இல்லை. பனடோல் குளிசை போலக் கையில் வாங்கி, சேட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

அந்தக் குளிசை அலுமினியம் பொஸ்பைட். அது வண்டைத் தொட்டுக் கொல்வதில்லை. காற்றிலும் அரிசியிலும் உள்ள ஈரம் பட்டதும் பொஸ்பீன் என்ற வாயுவாக மாறுகிறது. மூன்று கிராம் குளிசை ஒன்றிலிருந்து ஒரு கிராம் வாயு வெளிவரும். வண்டின் உடம்புக்குள் உயிரணு ஒட்சிசனைப் பாவிக்கிற வேலையை அந்த வாயு நிறுத்துகிறது. நம்முடைய உடம்பிலும் அதையேதான் செய்கிறது. இதற்கு மாற்று மருந்து கிடையாது. ஆஸ்பத்திரியில் இதயத்தையும் சுவாசத்தையும் தாங்கிப் பிடித்துப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

மூடையின் வாயைக் கட்டிவிட்டோம்தானே என்று நினைக்க வேண்டாம். உரபேக் பின்னிய பை, வாயுவுக்கு அது பெரிய கதவு. சுவர் வெடிப்பு, கதவு இடுக்கு, சீலிங் எல்லாவற்றாலும் போகும். அதனால் பக்கத்து அறையில் படுத்தாலும், சுவர் ஒட்டிய பக்கத்து வீட்டில் படுத்தாலும் பாதுகாப்பில்லை. காற்றை விடக் கொஞ்சம் பாரமான வாயு இது. பாய் போட்டுத் தரையில் படுக்கிற பிள்ளைகளை யோசித்துப் பாருங்க. உள்ளிப்பூண்டு போல, அழுகின மீன் போல மணக்கும் என்பார்கள். அந்த மணம் அதில் கலந்திருக்கிற மற்றப் பொருட்களால் வருவது. மணக்கவில்லை என்பதற்காக வாயு இல்லை என்று அர்த்தமில்லை.

மில்லிலும் களஞ்சியத்திலும் இதைப் பாவிக்கிறார்கள்தானே என்று கேட்பீர்கள். உண்மைதான். அங்கே மூடைகளைத் தடித்த விரிப்பால் மூடி, ஓரத்தை மண் பையால் அடைத்து, ஆட்கள் ஒருவரும் படுக்காத கட்டிடத்தில், பயிற்சி எடுத்தவர்கள் வாயு முகமூடியோடு செய்கிறார்கள். நாட்கணக்கில் மூடி வைத்துவிட்டு, காற்றோட விட்டு, அளந்து பார்த்துத்தான் உள்ளே போகவேண்டும். கொரோனாவுக்குப் போட்ட மாஸ்க் இதற்கு உதவாது.

நம்முடைய நாட்டில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. நஞ்சு விற்க அனுமதிப்பத்திரம் வேண்டும், லேபலோடு அதன் சொந்தப் பெட்டியிலேயே விற்கவேண்டும். உதிரியாகப் பிரித்துக் கடுதாசியில் சுற்றிக் கொடுப்பது வியாபாரமே இல்லை. கடை வைத்திருக்கிற சகோதரர்கள் கோபிக்க வேண்டாம். ஒரு குளிசையில் உங்களுக்கு என்ன லாபம் வரும்? தெரிந்த முகம், அவசரத்துக்குக் கேட்கிறார் என்று கொடுக்கிறீர்கள், அது எனக்கும் விளங்குகிறது. ஆனால் கேட்கிறவருக்கு அது என்ன சாமான் என்று தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

கரப்பான் சோக்கும் இப்படித்தான். அரிசி வாளியைச் சுற்றிக் கோடு போடுகிறார்கள். பள்ளிக்கூடத்துச் சோக்குக்கும் அதற்கும் மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன வித்தியாசம் தெரியும்? அந்துருண்டையும் அரிசிக்குப் பக்கத்தில் வேண்டாம்.

இனி வண்டுக்கு வருவோம். பிள்ளைகள் கொண்டு வந்த போத்தல்களை மேசையில் வைத்துப் பார்த்தபோது நான்கு வகை இருந்தன. எது எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

அதிகமாக இருந்தது அரிசி வண்டு. இரண்டு மூன்று மில்லிமீற்றர் நீளம், முன்னால் யானைத் தும்பிக்கை போல ஒரு மூக்கு, முதுகில் மங்கலாக நான்கு செம்மஞ்சள் புள்ளி. தொட்டால் செத்தது போல நடிக்கும். பெண் வண்டு அரிசியில் மூக்கால் துளை போட்டு, உள்ளே ஒரு முட்டையிட்டு, பசை போன்ற ஒன்றால் துளையை அடைத்துவிடும். புழு அரிசிக்குள்ளேயே தின்று வளர்ந்து, நம்முடைய வெக்கையில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வரும். ஒரு பெண் வண்டு வாழ்நாளில் 300 முட்டை வரை இடும். "நல்லாப் பார்த்துத்தான் வாங்கினேன், வண்டே இருக்கல்ல" என்று உம்மாமார் சொல்வது பொய்யில்லை. வாங்குகிறபோது அது அரிசிமணிக்குள் இருந்திருக்கிறது. அரிசி கழுவும்போது மிதக்கிற மணிகளை எடுத்து நகத்தால் நசுக்கிப் பாருங்க, விளங்கும்.

இரண்டாவது மா வண்டு. தட்டையான செந்நிறம், மூக்கு இல்லை. முழு அரிசியை இதனால் உடைக்க முடியாது. குறுணல், கோதுமை மா, ரவை, குரக்கன் மா இவைதான் இதன் இடம். அதிகம் பெருகினால் மாவில் ஒரு கெட்ட மணம் வரும், நிறமும் மாறும். வண்டு விடுகிற இரசாயனம் அது. அந்த மாவை அரித்துப் பாவிக்காமல் எறிந்துவிடுங்க. என்னுடைய கருத்தில் வீட்டில் உண்மையாக எறிய வேண்டியது இது ஒன்றுதான்.

கௌபி, பாசிப்பயறில் வருவது பயறு வண்டு. பயறின் மேல் வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது முட்டை. வட்டமாகத் துளை இருந்தால் வண்டு ஏற்கெனவே வெளியே போய்விட்டது. நான்காவது, மிளகாய்த்தூள், மல்லி, கறித்தூளுக்குள் இருக்கிற கூன் விழுந்த சின்ன வண்டு. புகையிலையையும் விடாது என்பதால் சிகரட் வண்டு என்று பெயர். "மிளகாய்த்தூள் உறைக்காதா சேர் அதுக்கு?" என்று ஒரு பிள்ளை கேட்டது. நல்ல கேள்வி. உறைப்பதாகத் தெரியவில்லை.

இவை ஒன்றும் கடிக்காது, நோய் பரப்பாது. தெரியாமல் ஒன்று இரண்டு சோற்றோடு போனாலும் ஆபத்தில்லை. (இதன் மார்க்க விளக்கத்தை உலமாக்களிடம் கேளுங்க, நான் விஞ்ஞானம் மட்டும்தான் சொல்கிறேன்.)

நஞ்சில்லாமல் என்ன செய்யலாம்? அரிசியில் வண்டு கண்டால், நல்ல உச்சி வெயிலில் பாய் விரித்து மெல்லிசாகப் பரப்புங்க. குவியலாகப் போட்டால் பிரயோசனமில்லை. வளர்ந்த வண்டுகள் சூடு தாங்காமல் ஓடிவிடும். பிறகு சுளகில் புடைத்து எடுக்கலாம். ஆனால் மணிக்குள் இருக்கிற புழு எல்லாம் சாகாது. அதனால் இரண்டு கிழமையில் திரும்பவும் ஒரு தடவை காய விடவேண்டும், அந்த அரிசியைத்தான் முதலில் சமைத்து முடிக்கவேண்டும். மா, தூள் வகை, கொஞ்ச அரிசி என்றால் பையில் கட்டி ஃப்ரீசரில் ஒரு கிழமை வைத்தால் முட்டையோடு சேர்த்துச் செத்துவிடும். எடுத்ததும் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வர விடுங்க, இல்லாவிட்டால் ஈரம் பிடிக்கும்.

பயறு வகைக்கு ஒரு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டுப் பிசறி வைத்தால் ஒட்டியிருக்கிற முட்டை பொரிக்காது. இது உம்மம்மா காலத்து வேலைதான், விஞ்ஞானமும் ஒத்துக்கொள்கிறது. வேப்பிலை, காய்ந்த மிளகாய் போடுவது புதிதாக வருகிற வண்டைக் கொஞ்சம் தடுக்கும், உள்ளே இருப்பதைக் கொல்லாது. போடுவதென்றால் காய்ந்த இலை போடுங்க. பச்சை இலையின் ஈரம் அரிசியைப் பூஞ்சணம் பிடிக்க வைக்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், புது அரிசியைப் பழைய அரிசிக்கு மேலே கொட்டக் கூடாது. வாளியை வெறுமையாக்கி, அடியையும் மூடி விளிம்பையும் துடைத்து, வெயிலில் காய வைத்துப் பிறகு போடுங்க. மூடி இறுக்கமாகப் பூட்டுகிற பிளாஸ்டிக் பீப்பாயில் வாய் வரை நிரப்பி வைத்தால் உள்ளே காற்றுக் குறைந்து வண்டு பெருகாது. பீப்பாய் முன்பு என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்க.

முந்திய காலத்தில் வண்டுத் தொல்லை குறைவு என்று பெரியவர்கள் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. அவர்கள் அரிசியைச் சேமிக்கவில்லை, நெல்லைச் சேமித்தார்கள். உமி உடையாத நெல்லுக்குள் அரிசி வண்டு லேசில் நுழையாது. தேவைக்கு அளந்து குத்திக்கொண்டார்கள்.

இதில் நம் எல்லாருக்கும் பங்கிருக்கிற ஒரு விசயம் உண்டு. அந்த வீட்டுக்கு நூறு கிலோ அரிசி எங்கிருந்து வந்தது? நோன்பின் கடைசி இரண்டு நாளில் ஊரார் கொடுத்த பித்ரா அரிசி. ஆளுக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ என்று ஒவ்வொரு வீடும் கொண்டு போய்க் கொடுத்தது. சந்தோசம்தான், அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆனால் இருபது வீட்டு அரிசி ஒரே மூடைக்குள் கலக்கிறபோது, ஒரு வீட்டில் வண்டு இருந்தாலும் போதும். ஏழை வீட்டில் பீப்பாய் இல்லை, தனிக் களஞ்சியமில்லை, ஃப்ரீசர் இல்லை. படுக்கிற அறைதான் இருக்கிறது. சிலர் தாங்கள் சாப்பிடாத பழைய அரிசியை அதற்கென்று ஒதுக்கிக் கொடுக்கிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. அந்த மூன்று மூடையையும் நான் பார்த்தேன். ஒன்றில் அரிசியை விட மா கூட.

வருகிற நோன்பில் பள்ளிவாசல் நிருவாகங்கள் சேகரிக்கிற அரிசியை ஒரு தரம் பார்த்து, பழையதைப் பிரித்து வைக்கலாம். வாங்குகிற குடும்பத்துக்கு மூடி போட்ட ஒரு பீப்பாயும் சேர்த்துக் கொடுத்தால் எவ்வளவு உதவி. இந்த வருடம் நானும் என்னோடு படிப்பிக்கிற இரண்டு பேரும் முதல் ஐந்து பீப்பாய்க்குப் பொறுப்பு, இன்ஷா அல்லாஹ்.

இப்போதே வீட்டில் குளிசை வைத்திருக்கிறவர்கள்: மூடையைக் கிண்டாதீங்க, குளிசைக்குத் தண்ணீர் ஊற்றாதீங்க, தண்ணீர் பட்டால் வாயு ஒரேயடியாகக் கிளம்பும். போகிற வழியில் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லாரும் வெளியே வாங்க. யாருக்காவது தலைச்சுற்று, சத்தி, நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல் இருந்தால் 1990க்கு அழையுங்க, குளிசை வைத்ததை மறைக்காமல் சொல்லுங்க. மூடையை எடுப்பதற்கு உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்க. அந்த வீட்டிலும் அவரைக் கேட்டுத்தான் செய்தோம். அந்த அரிசியைக் கோழிக்கும் போடவில்லை.

வெட்கப்படுகிறவர்கள் எனக்கு இன்பொக்ஸில் எழுதுங்க, பெயர் வெளியே வராது. அந்தப் பொடியன் இப்போது உம்மம்மா வீட்டிலிருந்துதான் பள்ளிக்கு வருகிறான். நேற்று அங்கிருந்து ஒரு போத்தல் கொண்டு வந்தான், பதினொரு வண்டு.