கண்மாய் அளவும் கணினிக்குப் போகட்டும்

வைகை அணை நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது; 69 அடியில் மூன்றாவது. அறிவிப்பு வந்ததும் சிம்மக்கல் ஆற்றோரம் வரை எல்லோரும் உஷாராகிவிடுகிறோம். ஆனால், உங்கள் ஊர்க் கண்மாய் நிரம்பி மறுகால் பாயப்போகிறது என்பதை யார் அறிவிக்கிறார்கள்?

2024 அக்டோபர் 25-ல் மதுரை செல்லூர் பகுதி வீடுகளுக்குள் புகுந்தது அணையில் திறந்த தண்ணீர் அல்ல. கால் மணி நேரத்தில் சுமார் 4.5 செ.மீ. மழை கொட்டியது. கண்மாயும் வாய்க்காலும் அதைத் தாங்கவில்லை.

மழை அளவு, ரேடார், செயற்கைக்கோள் படம், அணை இருப்பு ஆகியவற்றை இணையத்தில் உள்ள பொதுவான சர்வர்களில் சேர்த்து, உடனுக்குடன் கணக்கிடுவதே 'கிளவுட் கம்ப்யூட்டிங்'. உள்ளூர் அலுவலகத்தில் மின்சாரம் போனாலும் தகவல் அழியாது. மாநில அரசின் டி.என். அலெர்ட், மத்திய அரசின் மேகதூத் செயலிகள் முன்னறிவிப்பை உங்கள் செல்போனுக்கே கொண்டுவருகின்றன. மேகதூத்தில் செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் பயிர் ஆலோசனையும் கிடைக்கும்.

ஆனால், எவ்வளவு மழை வரும் என்று சொல்லும் கணினிக்கு, உங்கள் கண்மாயில் இன்னும் எத்தனை அடி இடமிருக்கிறது, மடை பழுதா, வரத்துக்கால் அடைப்பா என்பது தெரியாது. அது நீர்ப்பாய்ச்சிக்குத் தெரியும். நம் பகுதிக் கண்மாய்கள் சங்கிலித் தொடராக அமைந்தவை. மேல் கண்மாய் மறுகால் பாய்ந்தால், அடுத்து நிறைவது கீழ்க் கண்மாய். எனவே மேலூரிலிருந்து வரும் ஒரு தகவல், கீழூர்க்காரர்களுக்குச் சில மணி நேர அவகாசம்.

அந்த அவகாசத்தில் யூரியா மேலுரம் இடுவதைத் தள்ளிப்போடலாம், வடிகாலை வெட்டிவிடலாம், மருந்து தெளிப்பை நிறுத்தலாம், தாழ்வான தொழுவத்திலிருந்து மாடுகளை அவிழ்த்து மேட்டுக்குக் கொண்டுபோகலாம், நெல் மூட்டைகளை ஏற்றி வைக்கலாம்.

மழைக்காலத்துக்கு முன்பே மடையருகே அடிக்கணக்கு எழுதிய அளவுகோலை நடுங்கள். ஒரே தொடரில் உள்ள ஊர்கள் சேர்ந்து வாட்ஸ்அப் குழு தொடங்குங்கள். தினமும் காலையில் நீர்மட்டத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். வேளாண் உதவி அலுவலர்களே, உங்கள் கிராமக் கண்மாய்களின் அளவையும் இந்தக் குழுவில் கேட்டு வாங்கிப் பதிவு செய்யுங்கள். கரை கசிந்தால் 1077 என்ற மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண்ணுக்கு உடனே சொல்லுங்கள்.

அணைக்கு இருப்பதைப் போலக் கண்மாய்களின் நீர்மட்டமும் அரசின் எச்சரிக்கைச் செயலிகளில் ஏற வேண்டும். அதற்கான ஏற்பாட்டை வரும் வடகிழக்குப் பருவமழைக்குள் மாவட்ட நிர்வாகம் தொடங்க வேண்டும்.