தொட்டியைக் கழுவுவது வைத்தியமா?

“தண்ணி கலங்கிடுச்சா? மீனை பக்கெட்ல விட்டுட்டு, மொத்தத் தண்ணியையும் கொட்டு. தொட்டியைத் தேய்ச்சுக் கழுவி, புதுத் தண்ணி ஊத்து.” கலர் மீன் வளர்க்கும் வீடுகளில் கைமாறி வரும் யோசனை இது. இரண்டாம் நாள் மீன் செத்து மிதந்தால், நோய் மீனைத் தலையில் கட்டிவிட்டதாக, மீன் விற்ற கொளத்தூர் கடைக்காரர் மேல் பழி விழுகிறது. இந்த யோசனையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

“கலங்கினால் கெட்ட தண்ணீர், தெளிந்தால் நல்ல தண்ணீர்.” மீனைக் கொல்லும் அம்மோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் நிறமே இல்லை. கண்ணாடி போன்ற தண்ணீரிலும் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும், செவுள் சிவக்கும். புதுத் தொட்டியில் பால் கலந்தாற்போலத் தெரிவது பெரும்பாலும் பாக்டீரியாப் பெருக்கம். சில நாளில் தானே அடங்கும். பச்சையாக மாறினால் வெளிச்சம் அதிகம் என்று பொருள். தொட்டியை ஜன்னலோரத்திலிருந்து நகர்த்த வேண்டும். கண் இங்கே அளவுகோல் ஆகாது. சொட்டு விட்டு நிறம் பார்க்கும் டெஸ்ட் கிட்தான் உண்மையைச் சொல்லும்.

“தேய்த்துக் கழுவினால் சுத்தம்.” மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் வரும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக்குகிறது, இன்னொரு வகை அதை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக்குகிறது. இவை பெரும்பாலும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் அடிக்கற்களிலும் ஒட்டி வாழ்பவை. போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் ஸ்பாஞ்சைப் பிழிந்தால் அந்த உழைப்பெல்லாம் சாக்கடையில் போகிறது. தொட்டி முதல் நாளுக்குத் திரும்புகிறது. ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசினால் போதும். கரண்ட் பில்லுக்குப் பயந்து இரவில் ஃபில்டரை நிறுத்துவதும் ஆக்சிஜனின்றி அதே பாக்டீரியாவைத்தான் பாதிக்கும்.

“எவ்வளவு அதிகம் மாற்றுகிறோமோ அவ்வளவு நல்லது.” மாதக்கணக்கில் கவனிக்காமல் விட்ட தொட்டியில்தான் இது மிக ஆபத்து. அங்கே தண்ணீரின் பிஎச் (அமில-கார அளவு) மெல்லக் குறைந்து, அம்மோனியாவின் பெரும்பகுதி அவ்வளவாக நஞ்சில்லாத அம்மோனியமாக இருக்கும். 25 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் நச்சு வடிவம் ஒரு சதவீதம்கூட இல்லை. பிஎச் 8 ஆனால் சுமார் 5 சதவீதம். பிஎச் கூடிய போர் தண்ணீரைப் பாதி ஊற்றினால், மீதிப் பாதியில் உள்ளது விஷமாகலாம். முழுதும் மாற்றினாலோ, பழைய தண்ணீருக்குப் பழகிய உடம்பு திடீர் மாற்றத்தைத் தாங்காது. இப்படிப்பட்ட தொட்டிக்கு தினமும் பத்தில் ஒரு பங்காக மாற்றுவதே வழி.

“குழாய்த் தண்ணீரை ஒரு ராத்திரி பிடித்து வைத்தால் போதும்.” அதில் இருப்பது குளோரின் மட்டும் என்றால் பெரும்பாலும் பறந்துவிடும். குளோரமைன் கலந்திருந்தால் அவ்வளவு எளிதில் போகாது. ஆன்டி குளோரின் சொட்டு வேண்டும். “அப்படியானால் ஆர்ஓ தண்ணீர் ஊற்றலாமே” என்பவர்களுக்கு: அதில் பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கும் உப்புகள் அநேகமாக இருப்பதில்லை, அது மட்டுமே இருந்தால் பிஎச் சரியும்.

தண்ணீர் மாற்றுவதே தவறு என்பதல்ல வாதம். நைட்ரேட் வெளியேற அதுதான் முக்கிய வழி. வாரம் கால் பங்கு போதும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா தெரிந்தால், தொட்டித் தண்ணீரும் புதுத் தண்ணீரும் ஒரே பிஎச்சில் உள்ளனவா என்று பார்த்துப் பாதியை மாற்றலாம். ஓரிரு நாள் தீனியை நிறுத்தலாம்.

“நான் வருஷக்கணக்கா கழுவித்தான் ஊத்துறேன், மீன் நல்லாத்தானே இருக்கு?” என்பது கடைசி வாதம். இருக்கலாம். பாக்டீரியா செய்ய வேண்டிய வேலையை அங்கே அவர் கை செய்துகொண்டிருக்கிறது. குடும்பத்தோடு ஒரு வாரம் ஊருக்குப் போனால், அந்த வேலையைச் செய்யத் தொட்டியில் யாரும் இருக்க மாட்டார்கள்.