'தொடாதிருங்கள்' என்பது யாருக்கு இடப்பட்ட கட்டளை?

மாத்திரைகளை நிறுத்திவிட்டு விசுவாசத்தை மட்டும் பற்றிக்கொள்ளும்படி மாணவி ஒருத்தியிடம் ஒரு போதகர் சொல்கிறார். ஆய்வு உதவித்தொகையில் பத்தில் ஒரு பங்கைத் தம் ஊழியத்துக்கே தரவேண்டும் என்கிறார் இன்னொருவர். ஐயம் எழுப்புவோருக்கு ஆயத்தமாக ஒரே விடை இருக்கிறது: அபிஷேகம் பெற்றவரைத் தொடாதே. நம் வளாகங்களின் ஜெபக்குழுக்களில் இவ்வசனம் வாய்ப்பூட்டாகவே பயன்படுகிறது. சூழலிலிருந்து பிய்த்தெடுத்த மேற்கோளுக்காக ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பும் நாம், இங்கே மட்டும் தலைகுனிவது ஏன்?

105ஆம் சங்கீதத்தை முழுமையாக வாசியுங்கள். அங்கே அபிஷேகம் பெற்றோர் எனப்படுபவர்கள் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோர். எண்ணிக்கையில் சிறியவர்கள், தேசம் விட்டுத் தேசம் அலைந்த பரதேசிகள். எச்சரிக்கப்படுவோர் அரசர்கள். வலியோர் எளியோரைத் துன்புறுத்தலாகாது என்பதே அதன் பொருள். இன்றோ மேடையும் ஒலிவாங்கியும் காணிக்கைப் பெட்டியும் உடையவர், கல்விக்கடனில் படிக்கும் பெண்ணை நோக்கி அதே வசனத்தை நீட்டுகிறார். எளியோரின் கேடயம் வலியோரின் ஆயுதமாகிவிட்டது.

'தொடுதல்' என்பது தீங்கிழைத்தலே அன்றிக் கேள்வி கேட்டல் அன்று. அபிஷேகம் பெற்ற சவுலின் மீது கைபோட மறுத்த தாவீது, குகையைவிட்டு வெளியே வந்து, தன்னைத் துரத்துவது ஏன் என்று அவனிடம் நேரிலேயே கேட்டான். பின்னர் அந்தத் தாவீதையே நாத்தான் கண்டித்தார். அந்தியோகியாவில் பேதுருவை எல்லோர் முன்பாகவும் எதிர்த்தவர் பவுல். தீர்க்கதரிசிகள் பேசினால் மற்றவர்கள் அதை நிதானிக்கவேண்டும் என்று கொரிந்து சபைக்கு எழுதியவரும் அவரே. அவருடைய போதனையையே வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்த பெரேயா பட்டணத்தாரை அப்போஸ்தலர் நடபடிகள் பாராட்டுகிறது.

இது படித்தவர்களின் செருக்கு, ஆவியானவரைச் சோதிக்கலாமா என்பார்கள். தொடக்கத் திருச்சபையின் கையேடான 'திதாகே'யும் ஆவியில் பேசுகிறவரைச் சோதிக்கவேண்டாம் என்றே சொல்கிறது. ஆனால் அவருடைய நடத்தையைக் கொண்டு அவரை அறியும்படியும், ஆவியின் பேரால் தமக்குப் பணம் கேட்பவருக்குச் செவிகொடாதிருக்கும்படியும் அதே அதிகாரம் பணிக்கிறது.

இந்தியாவிலேயே முன்மாதிரி உண்டு. 1883இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்ற பண்டித ரமாபாய், தம் ஆங்கிலிக்கன் வழிகாட்டிகளின் கோட்பாடுகளை அதிகாரத்துக்கு அஞ்சி ஏற்க மறுத்தார். புரோகிதர்களின் நுகத்தை உதறியது இன்னொரு நுகத்தைச் சுமப்பதற்கன்று என்பதே அவர் நிலைப்பாடு. 1905இல் புணே அருகே அவர் நடத்திய முக்தி இல்லத்தில் எழுப்புதல் உண்டாயிற்று. அதே ரமாபாய்தான் எபிரேயமும் கிரேக்கமும் கற்று வேதாகமத்தை மராத்தியில் மொழிபெயர்த்தார். எழுப்புதலும் இலக்கணமும் அவரிடம் ஒன்றையொன்று விலக்கவில்லை.

நண்பர்களே, போதகர்களை இகழுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் சொல்வதை எடைபோடுங்கள் என்கிறேன். யோவானின் முதலாம் நிருபம் அபிஷேகத்தை மேடையில் நிற்பவருக்கு மட்டும் உரியதாக்கவில்லை. விசுவாசிகள் அனைவரும் அதைப் பெற்றவர்கள் என்கிறது. அப்படியானால், மருந்தை நிறுத்தும்படி பணிக்கப்பட்ட அந்த மாணவியும் அபிஷேகம் பெற்றவளே. அவளைத் தொடாதிருங்கள்.